எந்த யோகா எனக்கு? ஒரு தையல்காரியின் அனுபவம்

2018 தீபாவளிக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. மிஷினில் பாபினை மாட்டப் போனேன், கையிலிருந்து நழுவி விழுந்தது. எடுத்து மாட்டினேன், மறுபடி விழுந்தது. அப்போதுதான் கவனித்தேன், வலது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்துப் போயிருந்தன. கட்டிங் டேபிளில் இன்னும் 38 ப்ளவுஸ் பாக்கி. உதவிக்கு இருந்த பெண்ணை மிஷினில் உட்கார வைத்து, நான் பக்கத்தில் நின்று சொல்லிச் சொல்லி, எப்படியோ எல்லாவற்றையும் தைத்துக் கொடுத்துவிட்டோம். தீபாவளி அன்று விடியற்காலையில் தலைக்கு எண்ணெய் வைக்கக் கையைத் தூக்கினால் தோளுக்கு மேல் ஏறவில்லை. என் மகள்தான் வைத்துவிட்டாள்.

மேற்கு மாம்பலத்தில் 22 வருடமாக ப்ளவுஸ் தைக்கிறேன். சாதாரண நாளில் எட்டு மணி நேரம், சீசனில் பன்னிரண்டு, எல்லாம் கழுத்தைக் குனிந்தே செய்கிற வேலை. ஸ்கேன் எடுத்ததில், கழுத்தில் ஐந்தாவது ஆறாவது எலும்புக்கு நடுவே உள்ள ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்று வந்தது. அங்கேயே பிரஷரும் பார்த்தார்கள், 150க்கு 96. அதற்கு மாத்திரை. மூன்று வாரம் பிசியோதெரபி போனதில் மரப்பு நன்றாகவே குறைந்தது. கடைசி நாள் டாக்டர் சீட்டு எழுதிக்கொண்டே, "வலி விட்டதும் யோகா ஏதாவது ஆரம்பிச்சுடுங்கம்மா" என்றார்.

அந்த "ஏதாவது" என்ற சொல்லுக்குள் எவ்வளவு இருக்கிறது என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஒரு வருடம் ஆயிற்று, நடுவில் இன்னொரு தடவை கழுத்தும் பிடித்துக்கொண்டது. புதிதாக யோகா சேர நினைக்கிற யாருக்காவது அந்த ஒரு வருடம் மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். வீட்டுக்குப் பக்கத்தில் எது இருக்கிறது என்று பார்த்தேன். இரண்டு தெரு தள்ளி ஒரு மாடியில் காலை 6 மணி வகுப்பு. மாதம் 1,200 ரூபாய், மூன்று மாதத்துக்குச் சேர்த்துக் கட்டினால் 3,000. சேர்த்தே கட்டினேன். உள்ளே இருபத்தைந்து பேர் இருந்தார்கள், முக்கால்வாசிப் பேர் முப்பது வயதுக்குள். முதல் நாளே பன்னிரண்டு சூரிய நமஸ்காரம். சொல்லிக் கொடுத்தவர் நல்ல பையன், உடம்பு வில்லாய் வளையும், அன்பாகப் பேசுவார். ஆனால் நான் யார், எதற்காக வந்திருக்கிறேன், என்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்று ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. கேட்டால்தானே சொல்வோம் என்கிற பழக்கம்.

வேகம் எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. வியர்த்துக் கொட்டும், வீட்டுக்கு வந்து குளித்தால் உடம்பு லேசாக இருக்கும். ஏழாவது வாரம் சர்வாங்காசனமும் அதைத் தொடர்ந்து ஹலாசனமும் வந்தது. தோளில் நின்று, காலைத் தலைக்குப் பின்னால் தரையில் கொண்டுபோய் வைக்க வேண்டும். என் கால் தரையைத் தொடவில்லை. அவர் வந்து இடுப்பில் கை வைத்து மெதுவாக ஒரு அழுத்து அழுத்தினார். கழுத்திலிருந்து கட்டைவிரல் வரை கரண்ட் அடித்த மாதிரி ஒரு இழுப்பு. மறுநாள் மரப்பு திரும்பி வந்துவிட்டது. அந்தப் பங்குனி முகூர்த்தத்துக்கு ஒப்புக்கொண்டிருந்த ஆர்டரில் பாதியை வேறு கடைக்குக் கொடுத்தேன்.

அந்தப் பையன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அது அவருக்குப் பொருந்துகிற யோகா, அந்த வகுப்பில் இருந்த பெரும்பாலோருக்கும் பொருந்துகிற யோகா. என் கழுத்துக்கு அது ஆகாது என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

என் தொழிலில் "அளவு ப்ளவுஸ்" என்று ஒன்று உண்டு. உடம்பில் டேப் வைத்து அளவெடுக்க நேரமில்லாதவர்கள், நன்றாகப் பொருந்துகிற பழைய ப்ளவுஸ் ஒன்றைக் கொடுத்து "இதே மாதிரி" என்பார்கள். அது மூன்று வருடத்துக்கு முன்னால் தைத்ததாக இருக்கும், நடுவில் ஒரு குழந்தை பிறந்திருக்கும், உடம்பு மாறியிருக்கும். சிலர் அக்காவின் ப்ளவுஸையே கொண்டுவருவார்கள். நான் வாங்க மாட்டேன், நேரில் வரச் சொல்வேன். யோகா விஷயத்தில் நானே இன்னொருவர் அளவில் தைத்ததைப் போட்டுக்கொண்டு நின்றிருக்கிறேன் என்று, மரப்பு திரும்பிய பிறகு கழுத்தில் பட்டையோடு உட்கார்ந்திருந்த மூன்று வாரத்தில்தான் உறைத்தது.

அதன் பிறகு கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் கேட்க ஆரம்பித்தேன். ப்ளவுஸ் கடை என்பது பேசுகிற இடம். அளவு எடுக்கும்போது கைதூக்கி நிற்கிற ஐந்து நிமிஷத்தில் உடம்பு, மனசு எல்லாம் வெளியே வரும். பத்தில் நான்கு பேர் ஏதாவது ஒரு யோகா செய்கிறவர்களாக இருந்தார்கள். அவர்கள் சொன்னதையும், நானே போய் உட்கார்ந்து பார்த்ததையும் வைத்து எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன்.

இன்றைக்கு நகரத்தில் பார்க்கிற பலவகை யோகாவுக்கு வேர் ஒரே ஆளிடம் போய் நிற்கிறது, திருமலை கிருஷ்ணமாச்சார்யா. 1888இல் கர்நாடகத்தில் பிறந்தவர். 1930களில் மைசூர் அரண்மனை ஆதரவில் யோகசாலை நடத்தினார். அங்கே அவரிடம் படித்தவர்களில் பெரும்பாலோர் வளர்கிற பையன்கள். துள்ளுகிற வயதுக்கு ஏற்ற மாதிரி, ஒரு ஆசனத்திலிருந்து அடுத்ததுக்கு மூச்சோடு தாவுகிற வேகமான முறை அங்கே வளர்ந்தது. அவர் மாணவர் பட்டாபி ஜோய்ஸ் மைசூரிலேயே தங்கி அதை அஷ்டாங்க வின்யாச யோகா என்று உலகம் முழுக்கக் கொண்டுபோனார். 1990களில் அமெரிக்காவில் பவர் யோகா என்று பெயர் பெற்றது அதன் கிளைதான். நான் போன மாடி வகுப்பும் அந்த வழிதான் என்று பிறகு தெரிந்தது. மைசூர் பையன்களுக்காக வளர்ந்த முறையை 46 வயதில், பிரஷரோடும் தேய்ந்த கழுத்தோடும் நான் முதல் நாளே செய்ததில் எங்கே பிசகு என்று இப்போது யோசித்தால் தெளிவாகத் தெரிகிறது.

அதே ஆளிடம் படித்த இன்னொருவர் பி.கே.எஸ். ஐயங்கார். சின்ன வயதில் நோயாளிப் பிள்ளை. 1937இல் புனே போய் அங்கேயே தங்கிவிட்டார். அவர் வழியில் வேகம் கிடையாது. ஒரே நிலையில் நெடுநேரம் நிற்க வேண்டும், குதிகால் எங்கே, முட்டிச்சில்லு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று நுணுக்கமாகத் திருத்துவார்கள். ஒரு வாடிக்கையாளர் கூட்டிக்கொண்டு போன வகுப்பில் சுவரில் கயிறு, மரக்கட்டை, பெல்ட், மடக்கு நாற்காலி, அடுக்கடுக்காகக் கம்பளி. குனிந்து தரையைத் தொட முடியாதவருக்குத் தரையையே கட்டையாக உயர்த்திக் கொடுக்கிறார்கள். சர்வாங்காசனத்துக்குத் தோளின் கீழே நான்கு கம்பளி மடித்து வைத்து, கழுத்து விளிம்புக்கு வெளியே சுதந்திரமாக இருக்கும்படி செய்ததைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு அன்று அந்த நான்கு கம்பளி இருந்திருந்தால் என்று நினைத்தேன். கால் இஞ்ச் பிசகினாலும் ஆர்ம்ஹோல் இழுக்கும் என்று தெரிந்த எனக்கு அந்த நுணுக்கம் மிகவும் பிடித்தது. ஆனால் வகுப்பு மாலை 6.30க்கு, போய் வர ஒன்றரை மணி நேரம். மாலைதான் எனக்கு வாடிக்கையாளர் வருகிற நேரம். மாதத்தில் பாதி நாள் போக முடியாத வகுப்பு எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் எனக்கானது இல்லை. இதை நிறையப் பேர் கணக்கில் எடுப்பதில்லை.

என் மகளுக்கு அப்போது 21 வயது. உடம்பில் குறை ஒன்றும் இல்லை, கல்லூரி முடித்து வேலை தேடுகிற பதற்றம் மட்டும். அவள் சிவானந்தர் வழி வகுப்பில் சேர்ந்தாள். சுவாமி சிவானந்தர் நம் பத்தமடைக்காரர், பாய்க்குப் பேர்போன ஊர். டாக்டராக மலாயாவில் வேலை பார்த்துவிட்டு ரிஷிகேசம் போனவர். அவர் சீடர் விஷ்ணுதேவானந்தா வகுத்த பன்னிரண்டு ஆசனம்தான் அங்கே அடிப்படை. ஒவ்வொரு ஆசனத்துக்கும் நடுவே கொஞ்சம் படுத்து ஓய்வு, அவசரமே கிடையாது. ஆனால் அந்த வரிசையில் முதல் மூன்றும் தலையில் நிற்கிற சிரசாசனம், சர்வாங்காசனம், ஹலாசனம். எனக்கு மூன்றுமே கூடாது. அவளுக்கு அதுதான் தூக்கத்தைத் திருப்பிக் கொடுத்தது. இன்றுவரை அதிலேயே இருக்கிறாள். ஒரே வீட்டில் அம்மாவுக்கு ஆகாதது மகளுக்கு மருந்தாக இருக்கிறது.

பக்கத்துத் தெருவில் மனவளக்கலை மன்றமும் இருந்தது. மனவளக்கலையை உருவாக்கிய வேதாத்திரி மகரிஷி கூடுவாஞ்சேரியில் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர், தறியில் உட்கார்ந்து வேலை செய்தவர். உழைக்கிற மனிதருக்கு என்று அவர் அமைத்த எளியமுறை உடற்பயிற்சியில் கை, கால், கண், மூச்சு என்று பகுதி பகுதியாக வரும், பிறகு மகராசனம், உடல் தேய்த்தல், அக்குபிரஷர், கடைசியில் ஓய்வு. தமிழில் சொல்லிக் கொடுக்கிறார்கள், கட்டணம் குறைவு, எல்லா ஊரிலும் மன்றம் இருக்கிறது. யோகா என்றாலே உடம்பை வளைக்க வேண்டும் என்று பயப்படுகிறவர்கள் தாராளமாக இங்கே ஆரம்பிக்கலாம். மூட்டு வலிக்கார என் அக்கா அதைத்தான் செய்கிறாள். நான் இரண்டு மாதம் போனேன். கண்பயிற்சியை இன்றும் விடவில்லை, ஊசியில் நூல் கோர்க்கிற கண்ணுக்கு அவ்வளவு இதம். மகராசனத்தில் குப்புறப் படுத்துக் கழுத்தைத் திருப்புகிற இடம் மட்டும் எனக்கு ஒத்துவரவில்லை. அங்கிருந்த அம்மா அதைச் சட்டென்று கண்டுபிடித்து, "நீங்க அதை விட்டுடுங்க" என்றார். மூன்றாவது நாளே கவனித்தார், அதை மறக்க மாட்டேன்.

74 வயது என் அம்மாவுக்கு பீகாரில் முங்கேர் என்ற ஊரில் உள்ள யோகா பள்ளி வழியில் சொல்லித் தருகிற பவனமுக்தாசன வரிசையிலிருந்து சிலதை ஒருவர் காட்டிக் கொடுத்தார். காலை நீட்டி உட்கார்ந்து கால்விரல், கணுக்கால், முட்டி, மணிக்கட்டு, தோள் என்று மூட்டு மூட்டாக அசைப்பது. பார்ப்பதற்கு ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும். கட்டிலில் உட்கார்ந்தபடியே அம்மா செய்வதைப் பார்த்தால், வயதானவர்களுக்கு இதைவிட நல்ல ஆரம்பம் வேறு இருக்குமா என்று தோன்றும்.

எனக்கு அமைந்தது, கிருஷ்ணமாச்சார்யா பிற்காலத்தில் சென்னையில் இருந்து கற்பித்த வழி. 1950களில் இங்கே வந்தவர், 1989இல் 100 வயதில் மறையும்வரை இங்கேயே இருந்தார். மைசூரில் கூட்டமாகப் பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்தவரிடம் இங்கே நோயாளிகள், வயதானவர்கள், கர்ப்பிணிகள் என்று ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருவருக்கு ஒருவர் என்று உட்கார்ந்து, ஆளுக்கு ஏற்ப ஆசனத்தை மாற்றிக் கொடுப்பது அங்கே வழியாயிற்று. இன்ஜினியரிங் படித்த அவர் மகன் தேசிகாச்சார் 1976இல் தந்தை பெயரில் யோக மந்திரம் என்ற பயிற்சி நிலையத்தை ஆரம்பித்து அந்த வழியை நிலைநிறுத்தினார். அந்த வழியில் படித்த ஒரு டீச்சர், அறுபது வயதுக்கு மேல், அசோக் நகரில் வீட்டிலேயே சொல்லித் தருகிறார் என்று பாவாடை தைக்க வந்த ஒரு பெண்மணி சொன்னார். 2019 ஐப்பசியில் போனேன்.

முதல் நாளில் பாதி நேரம் பேச்சுதான். எத்தனை மணிக்குத் தூங்குவீர்கள், எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுப்பீர்கள், தலையணை எவ்வளவு உயரம், பிரஷர் மாத்திரை காலையா இரவா, ஸ்கேன் கொண்டுவந்தீர்களா என்று கேட்டார். பிறகு, "மிஷின்ல எந்தக் கால் வைப்பீங்க?" என்றார். இத்தனை வருடத்தில் எந்த டாக்டரும் கேட்காத கேள்வி. மோட்டார் பெடலில் வலது கால் என்றேன். "அதான் உட்காரும்போது வலது இடுப்பு முன்னாடி வருது. கழுத்து மட்டும் தனியா கெடாதும்மா" என்றார்.

அப்புறம் எழுந்து நிற்கச் சொன்னார். "கையை மெதுவா முன்னாடி வழியா மேல தூக்குங்க, மூச்சை இழுத்துக்கிட்டே." தூக்கினேன். எதிரே நாற்காலியில் உட்கார்ந்து ஒன்றும் சொல்லாமல் பார்த்தார். நான்கு தடவை செய்ததும், "கை காதுகிட்ட வரும்போதே உங்க மூச்சு முடிஞ்சுடுது. அதுக்கு மேல மூச்சைப் பிடிச்சுக்கிட்டுத் தோளைத் தூக்கித் தள்ளறீங்க. அந்த இடத்துலதான் கழுத்து இறுகுது" என்றார். என் கை அங்கேயே நின்றது. உண்மைதான், அந்தக் கடைசி ஒரு சாண் தூரத்துக்கு எனக்கு மூச்சே இல்லை. "மூச்சு முதல்ல ஆரம்பிக்கட்டும், கை பின்னாடி கிளம்பட்டும். கை நின்ன அப்புறம் மூச்சு முடியட்டும். மூச்சு எவ்வளவு தூரம் வருதோ அவ்வளவு தூரம் கை போனா போதும்" என்றார். அப்படிச் செய்தபோது கை நெற்றி உயரத்தில் நின்றுவிட்டது. அதற்கு மேல் போக வேண்டாம் என்றார். ஏழு வாரம் சூரிய நமஸ்காரம் செய்தவளுக்கு அன்றைய யோகா அவ்வளவுதான்.

கடைசியில் ஒரு தாளில் குச்சி மனிதர்களாகப் படம் போட்டுக் கொடுத்தார். ஆறு படம். நின்று கையைத் தூக்குவது, ஒரு தடவைக்கு ஒரு கை. மண்டியிட்டு, கையை ஊன்றி, மூச்சை விட்டபடி பின்னால் குதிகால் பக்கம் உட்காருவது. மல்லாந்து படுத்து மூச்சு இழுக்கும்போது கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோவது. முட்டியை மடக்கி இடுப்பைப் பாதி உயரம் மட்டும் தூக்குவது. மூச்சை விட்டபடி இரண்டு முட்டியையும் வயிற்றுப் பக்கம் இழுப்பது. பிறகு நாற்காலியில் உட்கார்ந்து மூச்சை விடுகிற நேரத்தை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டுவது. எதுவும் ஆறு தடவைக்கு மேல் கிடையாது, மூச்சை எங்கேயும் அடக்கக் கூடாது. மொத்தம் 20 நிமிஷம். "பத்து நாள் பண்ணிட்டு வாங்க. எது பிடிக்கலை, எதை விட்டுட்டீங்கன்னு மறக்காம சொல்லுங்க" என்றார்.

ஒரு தடவைக்கு 600 ரூபாய். கேட்டதும் அதிகம் என்று தோன்றியது. ஆனால் அந்த முதல் வருடத்தில் ஒன்பது தடவைதான் போனேன், 5,400 ரூபாய். மாதம் 1,200 கட்டும் வகுப்புக்கு ஐந்து மாதக் காசு கூட ஆகவில்லை. வீட்டில் தினம் நானே செய்ய வேண்டும், அதுதான் நிபந்தனை. தனியாகச் செய்ய மனம் வராதவர்களுக்கு, கூட நாலு பேர் இருந்தால்தான் எழுந்திருப்பேன் என்கிறவர்களுக்கு, இந்த வழி சரிவராது. அது குறை இல்லை, அவர்கள் கூட்டமாகச் செய்கிற நல்ல வகுப்பைத் தேடிக்கொள்ளலாம்.

ஆறாவது வாரம் மரப்பு எப்போதாவது என்ற அளவுக்கு வந்தது. மார்கழியில் கோலம் போட்டு நிமிரும்போது கழுத்தைப் பிடித்துக்கொள்ளாமல் நிமிர்ந்தேன். 2020 ஊரடங்கில் கடை மூடியிருந்த நாட்களில் டீச்சர் போனில் வீடியோ வழியாகப் பார்த்தார். ஒன்று சொல்ல வேண்டும், ஏற்கெனவே நேரில் பார்த்துப் பழகிய உடம்பு என்பதால்தான் அது சரியாக வந்தது. புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் யூடியூபைப் பார்த்துச் செய்வதை நான் சொல்ல மாட்டேன். அந்த வீடியோவில் இருப்பவர் நம்மைப் பார்க்க முடியாது. அவர் சொல்லுகிற வேகத்தில்தான் நம் மூச்சு ஓடும்.

பிரஷர் மாத்திரையை யோகாவை நம்பி நிறுத்தவில்லை. அதை டாக்டர்தான் பார்க்கிறார். டீச்சரும் முதல் நாளே இதைச் சொன்னார். யோகா ஆரம்பித்ததும் மாத்திரையை விட்டுவிடுங்கள் என்று சொல்கிற இடம் எதுவாக இருந்தாலும் உடனே எழுந்து வந்துவிடுங்கள்.

இப்போது யாராவது கேட்டால் நான் சொல்வது, முதலில் ஒரு வகுப்பைச் சும்மா உட்கார்ந்து பாருங்கள். பெரும்பாலும் விடுவார்கள், விடாத இடத்தில் ஏன் என்று கேளுங்கள். பார்க்கும்போது நன்றாகச் செய்கிறவரைப் பார்க்காதீர்கள். அந்த வகுப்பிலேயே யாருக்கு முடியவில்லையோ அவரைப் பாருங்கள். அவர் குண்டாக இருக்கலாம், வயதானவராக இருக்கலாம், நேற்றுச் சேர்ந்தவராக இருக்கலாம். அவரிடம் ஆசிரியர் போய் வேறு ஏதாவது காட்டிக் கொடுக்கிறாரா, அழுத்தி இறக்குகிறாரா, கண்டுகொள்ளாமல் விடுகிறாரா? உங்களுக்கும் நாளைக்கு அதுதான் நடக்கும். அப்புறம் கடைசிப் பத்து நிமிஷம். அசையாமல் மல்லாந்து படுத்து ஓய்வெடுக்கிற சவாசனத்துக்கு நிஜமாகவே நேரம் கொடுக்கிறார்களா, அல்லது மணி ஆகிவிட்டது என்று பாயைச் சுருட்டுகிறார்களா என்பதில் அந்த இடத்தின் குணம் தெரிந்துவிடும்.

சேருவதற்கு முன் அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிட வேண்டியவை சில உண்டு. பிரஷர் இருந்தால், கண் அழுத்த நோய் இருந்தால், தலைகீழாக நிற்கிற எதுவும் வேண்டாம், வேகமாக மூச்சைத் தள்ளுகிற கபாலபாதியும் மூச்சடக்குவதும் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். இடுப்பு ஜவ்வு விலகியவர்கள் காலை நீட்டிக் குனிகிற பச்சிமோத்தாசனத்தை அவசரப்பட்டுத் தொடக் கூடாது. குடலிறக்கம், சமீபத்தில் செய்த அறுவை சிகிச்சை, கர்ப்பம், இவற்றை மறைக்கவே கூடாது. கழுத்துக்காரர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். இழுப்பு என்பது வேறு, வலி என்பது வேறு. தசை இழுத்தால் அந்த இடத்திலேயே பரவலாகத் தெரியும், மூச்சு விட விடக் குறையும். மின்னல் மாதிரி ஓடினால், விரல் மரத்தால், தலை சுற்றினால் அந்த நொடியே நிறுத்த வேண்டும். "கொஞ்சம் தாங்கிக்கோங்க" என்று யார் சொன்னாலும் சரி.

சான்றிதழ் பற்றிக் கேட்பார்கள். 200 மணி நேரப் பயிற்சிச் சான்றிதழை நான்கே வாரத்தில் முடித்துவிட முடியும். அது மட்டும் இருப்பதால் உடம்புக் கோளாறு உள்ளவரைக் கையாளத் தெரியும் என்று அர்த்தமில்லை. எத்தனை வருடமாகத் தானே தினமும் செய்கிறார், அவருக்கு இன்னும் ஒரு குரு இருக்கிறாரா என்று நான் கேட்பேன். நோய்க்காகவே யோகா தேடுகிறவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. யோகா, இயற்கை மருத்துவத்துக்கு ஐந்தரை வருடப் பட்டப்படிப்பு இருக்கிறது. அரும்பாக்கத்தில் அரசு கல்லூரியும் மருத்துவமனையும் இருக்கிறது. அங்கே டாக்டரே பார்த்துச் சொல்லுவார்.

பணம் ஒரு மாதத்துக்கு மேல் சேர்த்துக் கட்டாதீர்கள். கட்டிய காசுக்காக வலியோடு போனவள் நான்.

உடை பற்றி நான் சொல்லாமல் விட முடியாது. கடையில் விற்கிற ஒட்டிப் பிடிக்கிற பேன்ட்தான் வேண்டும் என்றில்லை. சுடிதார் பேன்டையே இரண்டு கால் சேருகிற இடத்தில் ஒரு கை அகல டயமண்ட் துண்டு வைத்துத் தைத்தால் எப்படி உட்கார்ந்தாலும் பிடிக்காது, தையல் விடாது. இடுப்பில் முடிச்சுப் போடுகிற நாடா வேண்டாம், குப்புறப் படுத்தால் குத்தும், அகலமான எலாஸ்டிக் போதும். நின்று செய்கிற ஆசனத்துக்கு வழுக்காத ரப்பர் பாய் அவசியம். படுத்தும் உட்கார்ந்தும் செய்வதற்கு வீட்டில் இருக்கிற பவானி ஜமுக்காளத்தை நான்காக மடித்தால் போதும். நான் அதில்தான் செய்கிறேன், காலை 5.30க்கு, காபிக்கு முன்னால். சாயங்காலம் செய்கிறவர்கள் சாப்பிட்டு மூன்று நான்கு மணி நேரமாவது விட வேண்டும்.

படத்தாள் இதுவரை பதினேழு மாறியிருக்கிறது. கட்டிங் டேபிள் டிராயரில், பேட்டர்ன் தாள்களோடு சேர்த்து வைத்திருக்கிறேன். இரண்டு கையையும் சேர்த்துத் தூக்கலாம் என்று மூன்றாவது தாளில் வந்தது. புஜங்காசனம் ஒன்பதாவதில் வந்தது, தலையைப் பின்னால் சாய்க்காமல் மார்பை மட்டும் தூக்குவது. சர்வாங்காசனம் எதிலும் இல்லை, ஒரு நாளும் வராது என்று டீச்சர் சொல்லிவிட்டார். தீபாவளி சீசனுக்கென்று தனித் தாள் உண்டு, தையல் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே மூன்று அசைவு, ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை. மிஷினையும் அவர் சொன்னபடி நான்கு இஞ்ச் உயர்த்தி வைத்திருக்கிறேன்.

போன வாரம் 58 வயது அம்மா ஒருவர் அளவு கொடுக்க வந்தார். பையன் வாங்கிக் கொடுத்தான் என்று பக்கத்து வகுப்பின் ரசீதைக் காட்டினார், திங்கட்கிழமையிலிருந்து போகிறாராம். கையைத் தூக்கச் சொல்லி டேப்பைச் சுற்றும்போது, கண்ணில் ஏதாவது சொட்டு மருந்து விடுகிறீர்களா என்று கேட்டேன். "ஆமாம்மா, கண் பிரஷருக்கு. ராத்திரி ராத்திரி விடணும். ஏன்?" என்றார். டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, உட்காரச் சொல்லி, வகுப்பின் நம்பரை ரசீதிலிருந்து படிக்கச் சொன்னேன். அவர் போனிலிருந்தே கூப்பிட்டோம்.